இ20 பெட்ரோல்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மைலேஜ் நிஜமாவே எவ்வளவு குறையுது? உண்மையான பாதிப்பு எங்கே?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடு முழுக்க வந்ததிலிருந்து, "முன்ன மாதிரி மைலேஜ் கிடைக்கல" என்ற புலம்பல் ஓயவே இல்லை. தினமும் ஆபீஸ் போற காருக்கே இந்தக் கவலை என்றால், 20, 25 வருஷத்துக்கு முன்னாடி வந்த வேகமான கார்களை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்களுக்குக் கவலை இரட்டிப்பு. ஏற்கெனவே லிட்டருக்கு 8, 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் இன்னும் குறைந்தால் என்ன ஆவது?

"பெரிய பாதிப்பு எதுவும் இல்லை" என்கிறது மத்திய அரசு. "இருபது சதவீதம் போச்சு" என்கிறார்கள் சில கார் உரிமையாளர்கள். இதில் எது சரி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம் வாங்க.

முதலில், நடந்தது என்ன?

பெட்ரோலில் எத்தனால் கலப்பது புது விஷயம் இல்லை. 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. பல வருஷம் அது மெதுவாகத்தான் நகர்ந்தது. பிறகு வேகம் எடுத்து, 2022 ஜூனில் நாட்டின் சராசரிக் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் இ20 பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்கூட்டியே கொண்டுவரப்பட்டு, 2025-ல் எட்டப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உங்க பழைய கார் 2022-லிருந்தே பெரும்பாலும் 10 சதவீத எத்தனாலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இப்போதைய மாற்றம் சுத்தப் பெட்ரோலிலிருந்து இ20-க்கு அல்ல, இ10-லிருந்து இ20-க்கு. மைலேஜ் கணக்கில் இது முக்கியம்.

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரி, போர்ஷே என்று நினைக்க வேண்டாம். நம்ம நாட்டில் வேகப் பிரியர்கள் வளர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் வேறு ரகம். திருவள்ளூர் ஆலையில் தயாரான மிட்சுபிஷி லான்சர், மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகான் 1.6, 106 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6, டர்போ இன்ஜின் வைத்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் கார்புரேட்டர் வைத்த ஆரம்பகால எஸ்டீம், பிரீமியர் 118 என்இ, கான்டெஸா.

இந்தக் கார்களை வடிவமைத்தபோது 20 சதவீத எத்தனால் யார் கணக்கிலும் இல்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள்தான் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை.

மைலேஜ் ஏன் குறையுது?

காரணம் எளிது. எத்தனாலுக்கு பெட்ரோல் அளவு சக்தி கிடையாது. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் சக்தி கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான். அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இதை வைத்துக் கணக்குப் போட்டால்:

- சுத்தப் பெட்ரோல்: லிட்டருக்கு சுமார் 32 மெகாஜூல்
- இ10: சுமார் 30.9
- இ20: சுமார் 29.8

சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-ல் சக்தி சுமார் 7 சதவீதம் குறைவு. இ10-ஓடு ஒப்பிட்டால் சுமார் 3.5 சதவீதம் குறைவு. இன்ஜின் வேறு எந்த வகையிலும் மாறாவிட்டால், மைலேஜும் ஏறக்குறைய அதே அளவுதான் இறங்கும்.

இது அரசுக்குத் தெரியாதா?

நல்லாவே தெரியும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. சுத்தப் பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அதே ரக இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும், இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் எரிபொருள் சிக்கனம் குறையும் என்று அந்த அறிக்கை சொன்னது.

2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கமும் இதை ஒட்டித்தான் இருந்தது. இ20-க்கு ஏற்ற கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் சுமார் 3 முதல் 6 சதவீதம் என்றது அமைச்சகம். ஆக, மைலேஜ் குறையும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு என்பதில்தான் சண்டை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல மட்டும் ஏன் கூடுதலா தெரியுது?

மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, கார்புரேட்டர். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ. அப்படியென்றால் அதே காற்றுக்கு இ20-ஐக் கொஞ்சம் அதிகமாக ஊற்ற வேண்டும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதன் ஜெட்டில் உள்ள துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். கலவை 'லீன்' ஆகிவிடும். இழுவை குறையும், காலையில் ஸ்டார்ட் செய்தால் திணறும், டிரைவர் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். மைலேஜ் அங்கேயே போகும். ஆனால் முன்பே கொஞ்சம் 'ரிச்' ஆக டியூன் செய்து வைத்த கார்புரேட்டராக இருந்தால், வித்தியாசமே தெரியாமலும் போகலாம்.

இரண்டு, சென்சார். 2000-க்குப் பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் கார்களில் புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும். அது கலவையைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும். இ20-ஐயும் அது சமாளித்துவிடும். ஆனால் 20 வருஷப் பழைய சென்சார் சோம்பிப் போயிருந்தால்? கம்ப்யூட்டருக்குத் தப்பான தகவல் போகும், தேவையில்லாமல் பெட்ரோல் கூடும். அந்த இழப்பு எத்தனாலால் வருவதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கலாம்.

மூன்று, பயன்படுத்த முடியாத ஆக்டேன். எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108. அதனால் இ20-க்கு நாக்கிங்கைத் தாங்கும் திறன் அதிகம். இதற்கென்றே வடிவமைத்த இன்ஜினில் அழுத்த விகிதத்தைக் கூட்டி, இழந்த சக்தியில் ஒரு பகுதியை மீட்கலாம். பழைய காரின் பிஸ்டனும் ஹெட்டும் அப்படியேதானே இருக்கின்றன? நாக் சென்சார் வைத்த டர்போ கார்களுக்கு மட்டும் கொஞ்சம் லாபம் கிடைக்கலாம். மற்ற பழைய கார்களுக்கு அந்த ஆக்டேன் இருந்தும் பயன் குறைவு.

அப்போ 20 சதவீதம் போச்சுன்னு சொல்றாங்களே?

அந்த அளவு இழப்பை எத்தனால் ஒன்றால் மட்டும் விளக்க முடியாது. கலந்திருப்பது முழுக்க தண்ணீராகவே இருந்தால்கூட இழப்பு 20 சதவீதம்தான். எத்தனாலும் எரிகிறது, பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு சக்தி அதில் இருக்கிறது.

அதற்காக அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்கிலும் பைப்பிலும் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுபோய் ஃபில்டரிலும் இன்ஜெக்டரிலும் அடைக்கும். அடைத்த ஃபில்டரும், தளர்ந்த சென்சாரும், காற்று இறங்கிய டயரும், சென்னை டிராஃபிக்கில் ஓடும் ஏசியும் சேர்ந்தால் 15 சதவீதம் எளிதாகப் போய்விடும். பழி மொத்தமும் எத்தனால் தலையில் விழுகிறது.

உங்க வண்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஒரே பங்கில், ஆட்டோ கட் ஆகும்வரை டேங்கை நிரப்புங்க. கிலோமீட்டரைக் குறித்துவைத்து, அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்க. குறைந்தது 3 டேங்க் பார்த்துச் சராசரி எடுத்தால்தான் நம்பலாம். டேஷ்போர்டில் காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

காசுக் கணக்கு என்ன சொல்லுது?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இ10-ல் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்து வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடுகிறது. முன்பு 300 லிட்டர் போதும். இப்போது சுமார் 311 லிட்டர். கூடுதல் செலவு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,100 ரூபாய்.

இப்போது ஒரு சாதாரணப் பழைய கார். 15 கிலோமீட்டர் மைலேஜ், வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர். இதற்குக் கூடுதல் செலவு சுமார் 2,400 ரூபாய்.

பார்த்தீங்களா? மைலேஜ் இழப்பு அதிகமாக வலிப்பது ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு இல்லை. பழைய காரில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு. புது கார் வாங்க முடியாததால் பழைய காரை ஓட்டுகிறவர் அவர்தான்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு உண்மையான ஆபத்து எது?

அது ரப்பர். பழைய கார்களின் பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட், கார்புரேட்டர் மிதவை எல்லாம் எத்தனாலைத் தாங்கும் பொருளில் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டுப் பட்டு சில ரப்பர்கள் ஊதும், சில காய்ந்து விரிசல் விடும். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது தண்ணீர். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓரளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். இரும்பு டேங்க் துருப்பிடிப்பதும் இப்படித்தான்.

"சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், அது செலவு குறைந்த வேலைதான்" என்பது அமைச்சகத்தின் விளக்கம். தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். ஆனால் வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அந்தத் தூரம் வர 7 முதல் 10 வருஷம் ஆகும். அதுவரை ரப்பர் காத்திருக்குமா? இந்தக் கார்களைக் கெடுப்பது ஓடிய தூரம் இல்லை, ஷெட்டில் நின்ற நாட்கள். மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்க் பெட்ரோலோடு நிற்கும் கார்தான் முதலில் மாட்டும். போதாக்குறைக்கு, நிறுத்தப்பட்ட மாடல்களுக்கு ஒரிஜினல் பாகம் கிடைப்பதே பெரும்பாடு.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள்?

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 சாதாரணப் பெட்ரோலாக வந்தபோது, பழைய கார்களுக்காக விலை கூடிய 'சூப்பர்' ரகத்தில் இ5 தொடர்ந்தது. அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பை 2001 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல் கார்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறார்கள். எந்த வண்டிக்குப் போடக் கூடாது என்று பம்பிலேயே ஒட்டியிருப்பார்கள்.

பிரேசிலில் கலப்பு நம்மைவிட அதிகம். 2025 ஆகஸ்டில் 30 சதவீதம் ஆனது. ஆனால் அங்கே 2003-லிருந்தே எந்தக் கலப்பிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் கார்கள் விற்பனையில் இருக்கின்றன. தனி எத்தனாலும் பங்கிலேயே கிடைக்கும். அதன் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்பது அங்கே சாதாரண ஆளுக்கும் தெரிந்த கணக்கு. சக்தி குறைந்த சரக்குக்கு விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

நம்ம ஊர்ல ஏன் அப்படி இல்லை?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மைலேஜ் குறையும் என்று சொன்ன அதே நிதி ஆயோக் அறிக்கை, எத்தனால் கலந்த பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பழைய வண்டிகளைக் காக்க இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் சொன்னது. இ20 வந்தது, இந்த இரண்டும் வரவில்லை.

இ10-ஓடு ஒப்பிட்டால் இ20-ல் குறையும் சக்திக்கு ஈடுகட்ட, 100 ரூபாய் பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 3 ரூபாய் 50 காசு தள்ளுபடி வேண்டும். ஏன் தருவதில்லை? அரசின் பதில்: அறிக்கை எழுதிய காலத்தில் எத்தனால் பெட்ரோலைவிட மலிவு, இப்போது அப்படி இல்லை. 2025 ஜூலை இறுதி நிலவரப்படி எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து, லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு. வரிக்கு முந்தைய பெட்ரோல் விலையைவிட இது அதிகம்.

திட்டத்தின் லாபங்களையும் அரசு பட்டியலிடுகிறது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம், 20 சதவீதக் கலப்பில் ஒரே ஆண்டில் விவசாயிகளுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் என்பது அமைச்சகத்தின் கணக்கு. கரும்பு, மக்காச்சோளம் பயிரிடுபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்குகளில் கிடைக்க வேண்டும், கலப்பின் அளவைப் பம்பில் எழுதி வைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, நீதிமன்றக் கதவு அப்போதைக்கு மூடியாச்சு. இனி இது கொள்கை முடிவுதான்.

உரிமையாளர்கள் என்ன பண்ணலாம்?

- பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு இப்போதே மாற்றுங்க. கசிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.
- இ20 போட ஆரம்பித்த முதல் சில மாதங்களில் பெட்ரோல் ஃபில்டரை ஒருமுறை கூடுதலாக மாற்றுங்க.
- கார்புரேட்டர் வண்டி என்றால், ஜெட் அளவைப் பெரிதாக்க வேண்டுமா என்று அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கேளுங்க. ஸ்பார்க் பிளக் நுனி வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை லீன் என்று அர்த்தம்.
- இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால், ஆக்ஸிஜன் சென்சாரைச் சோதியுங்க. பழையது என்றால் மாற்றுவதே மைலேஜுக்குச் செய்யும் பெரிய உதவி.
- வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதா? டேங்கிலும் கார்புரேட்டரிலும் இருப்பதைக் காலி செய்துவிடுங்க. அது முடியாதென்றால் டேங்கை நிரப்பி வையுங்க. காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.
- விலை உயர்ந்த பிரீமியம் பெட்ரோல் எல்லாமே எத்தனால் இல்லாதது என்று நம்பி வாங்காதீங்க. ஆக்டேன் வேறு, எத்தனால் அளவு வேறு. பங்கில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்க.

இனி கவனிக்க வேண்டியது

இப்போதைய திட்டத்தின்படி 2026 அக்டோபர் 31 வரை இ20 என்று அமைச்சகம் சொல்லியிருக்கிறது. அடுத்த கட்டமாகக் கலப்பைக் கூட்டுவதா என்ற கேள்வி அப்போது வரும். அந்த நேரத்தில் "மைலேஜ் எவ்வளவு குறையும்" என்று மட்டும் விவாதித்தால் சில சதவீதங்களோடு பேச்சு முடிந்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். லிட்டரில் சக்தி குறையும்போது, லிட்டர் விலை ஏன் குறையவில்லை? அதைத் தாங்கும்படி செய்யப்படாத வண்டிகளுக்கு ஒரு பம்பையாவது ஏன் ஒதுக்கவில்லை? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் பழைய லான்சருக்கு மட்டுமல்ல, தினமும் வேலைக்கு ஓடும் பழைய மாருதிக்கும் நல்லது.